பழசு எங்கே?

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. கையுறை வேண்டுமா, கிழிந்த கையுறையைக் கொண்டு வர வேண்டும். பிளேடு வேண்டுமா, உடைந்த பிளேடு வர வேண்டும். யார் போய் நின்றாலும் தலையைத் தூக்காமல் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பழசு எங்கே?"

அங்கே அவருக்குப் பெயரே 'பழசெங்கே' தான். கல்யாணத்துக்கு வந்திருந்த அவர் கூட்டாளிகள் என்னைப் பார்த்துவிட்டு, "புதுசு கிடைச்சிருக்கே, எந்தப் பழசைப்பா கொடுத்தே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அப்போதே பேச வராது. இப்போதும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் சொல்வேன். கேட்காததை நானாகச் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தக் கேள்வி தொழிற்சாலையோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. வருஷத்தின் முதல் சம்பளம் வாங்கிய அன்று அது வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. இந்த வருஷம் பூரா இவ்வளவுதான் செலவு. கோடு போட்டாச்சு. தாண்டக் கூடாது."

"சரிங்க."

"எதுவா இருந்தாலும் பழசு முழுசா செத்தாதான் புதுசு."

"சரிங்க."

"கிழியாதது, உடையாதது, தேயாதது எதையும் தூக்கிப் போடக் கூடாது."

"சரிங்க."

"பெரிய சாமான் வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அதுக்குத் தனியா பணம் ஒதுக்கிட்டேன்."

இதற்கு மட்டும் என் வாயில் 'சரிங்க' வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"துணி துவைக்கிற மெஷின்ங்க."

எங்கள் சின்னதுக்கு எட்டு மாசம். அது பால் குடிப்பதே துணி நனைக்கத்தான் என்று எனக்குத் தோன்றும். கொடியில் இடமில்லாமல் ஜன்னல், கதவு, சைக்கிள் என்று வீடே ஈரத்துணி கட்டிக்கொண்டு நிற்கும். தபால்காரர் வந்தால் நாலு துணியை விலக்கித்தான் எங்களைத் தேட வேண்டும். அதோடு இவருடைய நீல யூனிஃபார்ம். கித்தான் மாதிரி தடிமன், அதில் கிரீஸ் வேறு.

"மெஷினா?" என்றார். "பழசு எங்கே?"

"பழசு இல்லீங்களே. நாமதான் இதுவரைக்கும் வாங்கினதே இல்லையே."

"பழசே இல்லேன்னா அது எப்படிச் சாகும்? அது சாகாம எப்படிப் புதுசு வரும்? சட்டத்துல இடமே இல்ல, போ!"

சொல்லிவிட்டு அவர் கண் மெதுவாக எங்கள் டிவி பக்கம் போயிற்று. அதில் எல்லாருமே பச்சையாகத் தெரிவார்கள். செய்தி வாசிக்கிறவருக்கு மஞ்சள் காமாலை போய்ப் பச்சைக் காமாலை வந்த மாதிரி இருக்கும்.

"பாவம், இது இன்னும் ரெண்டு மாசம் தாங்காது" என்றார். குரலில் துக்கம். முகத்தில் கல்யாணக் களை.

அப்போதே நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்த வருஷத்துப் பெரிய சாமான் துணி துவைக்கிற மெஷின்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கட்டில்தான் கவுண்டர். வேலை முடிந்து வந்ததும் அவர் அதில் உட்காருவார். நான் தேய்ந்த சாமானோடு எதிரில் நிற்பேன்.

"பல் பிரஷ்ஷுங்க."

"முடி இன்னும் பாதி இருக்கே!"

"அந்தப் பாதி என் பல்லு இடுக்குல இருக்குங்க."

"அடுத்தது."

"விளக்குமாறுங்க." அது தேய்ந்து தேய்ந்து கரண்டி நீளத்துக்கு வந்திருந்தது. அதை வைத்துப் பெருக்க நான் தரையில் படுக்க வேண்டும்.

"கட்டிப் பாத்தியா? ஒட்டிப் பாத்தியா? எண்ணெய் போட்டுப் பாத்தியா?"

"விளக்குமாத்துக்கு எண்ணெயாங்க?"

"ஸ்டோர்ல எல்லாத்துக்கும் இந்த மூணையும் கேட்கணும். அதுதான் முறை."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பெரிய போர்வையைத் துவைத்துப் பிழிந்தேன். போர்வை ஒரு பக்கம் முறுக்கியது, என் மணிக்கட்டு இன்னொரு பக்கம் முறுக்கிக்கொண்டது. சுரீர் என்று ஒரு வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடி வந்தார். கையைப் பிடித்துப் பார்த்து, இழுத்தால் நீளுகிற கட்டுத் துணி ஒன்றைக் கொண்டு வந்து இறுக்கிச் சுற்றினார்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல. சுளுக்குதான். ஒரு வாரம் துவைக்கற வேலை கூடாது, ஆமா."

இவர் என் கையைப் பிடித்தார். அட, பரிவாகப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். அவர் தடவிப் பார்த்தது கட்டுத் துணியை.

"இது என்ன விலைக்கா?"

"சும்மாதான் தம்பி. என்கிட்ட இருந்தது."

"நல்லா இழுபடுதே! அருமையான சாமான். லேசுல கிழியாது." என் பக்கம் திரும்பினார். "பத்திரம். தூக்கிப் போட்டுடாதே."

"சரிங்க" என்றேன்.

"அது கிடக்கட்டும் தம்பி, இனிமே துணி யார் துவைப்பா?" என்று அக்கா கேட்டார்.

இவர் மடியில் இருந்த சின்னதுதான் வேட்டி மேலேயே பதில் சொன்னது.

"ஆள் வெச்சா செலவு கோட்டைத் தாண்டிடும்கா."

"உங்க வேலை இடத்துல ஒரு மெஷின் ரிப்பேர் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"சரியாகற வரைக்கும் ஸ்பேரை ஓட்டுவோம்!" என்று பெருமையாகச் சொன்னார்.

அக்கா அவரைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் தன்னைத்தானே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் வீரமாகத்தான் இறங்கினார். "இதெல்லாம் ஒரு வேலையா? இதுக்குப் போயி மெஷின் கேட்டியே!" என்று பாட்டுப் பாடிக்கொண்டே சோப்பைக் கரைத்தார். நுரை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. நாய் ஒன்று மோந்து பார்த்துத் தும்மிவிட்டு ஓடியது. யூனிஃபார்மையும் சின்னதின் வெள்ளைச் சட்டைகளையும் ஒரே வாளியில் ஊறப் போட்டார். எல்லாம் நீலமாகிவிட்டது. மறுநாள் சின்னது ஜூனியர் ஸ்டோர் கீப்பராகத் தவழ்ந்தது.

இரண்டாம் நாள் பாட்டு இல்லை. மூன்றாம் நாள் முனகல். அதற்கப்புறம் அவர் பேச்சு முழுக்க வாளியைப் பற்றித்தான்.

"இந்தச் சட்டையை இன்னொரு நாள் போட்டுக்கலாமே?"

"அதுல உங்க பிள்ளை வாந்தி எடுத்திருக்குங்க."

"காஞ்சிடுச்சே!"

பிறகு சின்னதிடமே கெஞ்ச ஆரம்பித்தார். "கண்ணு, என் தங்கம், இப்பதாண்டா மாத்தினேன். ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கடா." சின்னது அவர் முகத்தைப் பார்த்து அழகாகச் சிரித்தது. சிரித்துக்கொண்டே நனைத்தது.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. சோப்பு எங்கே, கிளிப் எங்கே, அந்த இன்னொரு வாளி எங்கே என்று எல்லாம் கேட்டார். என் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் டாக்டர் செலவு வந்துவிடுமோ என்று பயம். கையைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான் பிள்ளையை மடியில் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கால் இவ்வளவு தூரம் நீளும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் அந்தப் போர்வையின் முறை வந்தது. என் மணிக்கட்டைத் திருகிய அதே போர்வை. பின்கட்டிலிருந்து "அம்மாடி!" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். பாதி குனிந்தபடி அப்படியே நின்றிருந்தார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மடக்குக் கத்தியைப் பாதி திறந்து வைத்த மாதிரி நடந்து வந்து கட்டிலில் சாய்ந்தார். நர்ஸ் அக்காவுக்கு மறுபடியும் வேலை.

கவுண்டரில் அவர் படுத்திருக்க, எதிரில் நான் நின்றேன்.

"இந்தா... அந்த மெஷினை வாங்கித் தொலைச்சிடலாம்."

"பழசு எங்கேங்க?"

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "என்னது?"

"பழசு செத்தாதானேங்க புதுசு?"

"இதோ கிடக்கேனே! நான்தான் பழசு! என் இடுப்பு செத்தே போச்சு!"

"முழுசா செத்த மாதிரி தெரியலீங்களே. கட்டிப் பாத்தாச்சா?"

"இடுப்புக்கு பெல்ட் கட்டிட்டேன்மா" என்றார் நர்ஸ் அக்கா.

"ஒட்டிப் பாத்தாச்சா?"

"முதுகு பூரா பிளாஸ்திரிதான்."

"எண்ணெய்?"

"தேச்சாச்சு, தேச்சாச்சு!" என்று இவரே கத்தினார். "ஐயோ, மூணும் பண்ணியாச்சு. ஒண்ணும் கேட்கல. பாஸ் பண்ணிடும்மா!"

"அப்ப நம்ம டிவி?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை மனுஷர் ஒருத்தர் எங்களையே பார்த்துக்கொண்டு செய்தி படித்தார். இவர் அவரைப் பார்த்தார்.

"அதுக்கென்ன... நல்லாத்தானே ஓடுது" என்றார்.

மெஷின் வந்து பின்கட்டில் உட்கார்ந்தது. முதல் முதலாக அந்தப் போர்வையைத்தான் போட்டேன். இவர் பெல்ட்டோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் துணி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவியை விட இதுல படம் தெளிவா இருக்கு" என்றார். குரலில் கொஞ்சம் சமாதானம் வந்திருந்தது.

அப்போது குழாய் மூட்டில் தண்ணீர் கசிந்தது. "ஐயையோ, தண்ணி வீணாப் போகுதே!" என்று பதறினார். அவரால் குனிய முடியவில்லை. நான் சின்னதை அவர் மடியில் வைத்துவிட்டுக் குனிந்தேன். கட்டுப் போட்ட கையால் ஒரே திருகு. கசிவு நின்றுவிட்டது.

நிமிர்ந்தால், அவர் வாயைத் திறந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் கை... எப்ப சரியாச்சு?"

ஒருவழியாகக் கேட்டுவிட்டார். கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன்.

"முதல் வாரத்துலயேங்க."

"முதல் வாரத்துலயேவா! அப்புறம் எதுக்கு இன்னும் அந்தக் கட்டு?"

கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி அவருக்குக் காட்டினேன்.

"இன்னும் கிழியலீங்களே."