விதிப்புலியும் மூன்றடுக்கு கேக்கும்

விதிப்புலி என்றொரு பிராணி நம் நடுவில் உலவுகிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சட்டைப்பையில் ஏதாவதோர் அரசாங்க அறிவிப்பின் நகல் நான்காக மடித்திருக்கும், முக்கியமான வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கும், மருந்துக் கடை ரசீது கொஞ்சம் மங்கலாக அச்சானாலும் போதும், "ரூல்ஸ் என்ன சொல்லுது தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடும். கடிக்காது. ஆனால் விடாது.

போன சனிக்கிழமை எங்கள் தெரு விதிப்புலிக்கு வேட்டை வாய்த்தது. அவர் மனைவியின் தம்பி கேக் கடை வைத்திருக்கிறார். தப்பான இடத்தில் நிறுத்தியிருந்த அவருடைய வேனை இழுவை வண்டிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே, நாலு மணி விருந்துக்குக் கொடுக்கவேண்டிய மூன்றடுக்கு கிரீம் கேக். வெளியே உச்சி வெயில்.

இழுவை நிலையத்துக்காரர் கேட்டது அரசாங்கம் நிர்ணயித்த கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. பகல் கொள்ளைதான், சந்தேகமே இல்லை. மச்சான் பர்ஸை எடுத்தார். புலி கையைப் பிடித்தது.

"மாமா, கேட்டதைக் கொடுத்துட்டுப் போயிடலாம். கேக் உருகிடும்."

"நீ சும்மா இரு மச்சான். உன்னை மாதிரி ஆளுங்க கொடுத்துக் கொடுத்துத்தான் இவங்க இப்படி ஆயிட்டாங்க."

சட்டைப்பையிலிருந்து இழுவைக் கட்டண விதிகளின் காகிதம் வெளியே வந்து விரிந்தது. கட்டணப் பலகை வாசலில் தெரியும்படி இருக்கவேண்டுமே, எங்கே? பழைய டயர்களுக்குப் பின்னால் இருந்தது. எழுத்தின் உயரம் போதுமா? புலி அளவுநாடா கேட்டது. முதல் நாளுக்கு வண்டியை இங்கே நிறுத்திவைத்ததற்கு வாடகை கிடையாதே, எப்படிச் சேர்த்தீர்கள்? ஒவ்வொரு விதியும் இரண்டு தடவை: நிலையத்துக்காரருக்கு ஒன்று, தங்கள் வண்டிகளை மீட்க வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று. அவர்கள் கைதட்டினார்கள். கைதட்டினால் புலி சும்மா இருக்குமா? முதல் விதியிலிருந்து திரும்பத் தொடங்கியது. மச்சான் கம்பிவேலி வழியாக வேனையே பார்த்துக்கொண்டு நின்றார், பாவம்.

இரண்டரை மணிக்குப் புலி ஜெயித்தது. கேட்டதில் பாதிதான் கட்டணம், முத்திரை குத்திய ரசீது. வேன் கதவைத் திறந்தால் மூன்றடுக்கு ஓரடுக்காகியிருந்தது.

நிலையத்துக்காரர் எட்டிப்பார்த்து உச்சுக்கொட்டினார். "என்ன சார், ஒன்பதாவது ரூலைப் படிக்கலையா? பணம் கட்டாமலே வண்டிக்குள்ள இருக்கிற சாமானை எடுத்துக்கலாமே. கேட்டிருந்தா அப்பவே உள்ள விட்டிருப்பேன்!"

புலி காகிதத்தைத் திருப்பியது. ஒன்பதாவது விதி பின்பக்கத்தில் இருந்தது.

"விருந்து வீட்டுல நான் என்ன சொல்றது மாமா?" என்றார் மச்சான்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், "என்ன இருந்தாலும் அந்த ஆள் இரண்டு மடங்கு கேட்டது தப்புதானே?" என்று இப்போது உங்களுக்குள் ஒரு குரல் முணுமுணுக்கிறதா? அப்படியானால், உங்கள் மச்சானின் வண்டியை யாராவது இழுத்துக்கொண்டு போனால், தயவுசெய்து நீங்கள் வீட்டிலேயே இருங்கள்.