அடுத்த பெட்டியில் என்ன வரும்

"விடாதே. அப்படியே பிடி."

அவள் பிடித்தாள். படம் வந்தது. கதாநாயகியின் முகம் பச்சையாக இருந்தது. முகம் தெரிந்ததே பெரிய விஷயம்.

இணையத்திலிருந்து படங்களை இழுத்து டிவிக்குத் தரும் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஒன்பது வயது. போன வருடம் அதன் ஒயர் சொருகும் வாய் தளர்ந்துவிட்டது. யாராவது ஒயரை இடப்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால் படம் வரும். கையை எடுத்தால் போய்விடும். ஆகவே மாலை ஏழு மணிக்குக் கணவனும் மனைவியும் தரையில் தோளோடு தோள் உட்கார்ந்து, ஆளுக்கு அரை மணி நேரம் முறை வைத்துப் பிடித்தார்கள்.

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். "அடுத்தது எட்டு பதினஞ்சு" என்று ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. நடத்துநர்கள் அவருக்கு வைத்த பெயரும் 'அடுத்தது'. அதற்குக் காரணம் வேறு. டீ குடிக்கும்போது அவர் அடுத்து வரப்போகும் பெட்டியைப் பற்றித் தவிர எதையும் பேசமாட்டார்.

இப்போது கடையில் இருப்பதில் நினைவகம் போதாது. இணையக் கம்பி சொருக இடமில்லை. ரிமோட் காணாமல் போனால் கூப்பிட வழியில்லை. அடுத்ததில் எல்லாம் வருகிறது. அதற்குள் வாங்குகிறவன் முட்டாள்.

"வருதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது, அடுத்தது?" என்று பணிமனை எலெக்ட்ரீஷியன் ஒருநாள் கேட்டார்.

"உள்ளாள்."

உள்ளாள் என்பது ஒரு இணையதளத்தில் எழுதுகிறவரின் புனைபெயர். இன்னும் வராத பெட்டிகளைப் பற்றி அங்கே நூறு பேர் தினமும் சண்டை போட்டார்கள். மற்றவர்கள் எண்களாகக் கொட்டினார்கள். உள்ளாள் எழுதியதே வேறு. அடுத்த பெட்டியின் முகப்பில் ஒரு குமிழ் இருக்கும், திருப்பினால் டக் டக்கென்று சத்தம் வரும் என்று எழுதினார். அதைப் படித்த அன்று இவர் எட்டு பதினைந்து பேருந்தை எட்டு இருபத்திரண்டுக்கு அனுப்பினார்.

கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வீட்டில், யாரோ பயன்படுத்திய டிவியை வாங்கி வைத்திருந்தார்கள். அதில் அப்படி ஒரு குமிழ் இருந்தது. அவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார். அவள் ஜன்னலில் தலையை நீட்டிக் குரல் கொடுப்பாள். வந்துச்சா? வருது, வருது, போச்சு. இப்போ? இப்போ ஆளுக்கு ரெண்டு தலை. அவர் இறங்கி வருவதற்குள் பாட்டு முடிந்து செய்தி வந்திருக்கும். இருவரும் சிரித்துக்கொண்டு செய்தி பார்ப்பார்கள்.

பிறகு பெரிய வீடு வந்தது. ரிமோட் வந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் வந்தது. நாலு பேர் நாலு அறையில் நாலு படம் பார்த்தார்கள். பிள்ளைகள் வேலை கிடைத்துப் போனபின் இரண்டு பேர் இரண்டு அறையில் பார்த்தார்கள்.

பெட்டியைச் சரிசெய்ய அவர் முயலாமல் இல்லை. முதலில் ஒயருக்குத் துணி கிளிப் போட்டார். படம் நின்றது, சத்தம் போயிற்று. கிளிப்பை எடுத்துவிட்டு ரப்பர் பேண்ட் போட்டார். பெட்டி சூடாகி ரப்பர் உருகி ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டப் பெட்டியைத் திறந்தார். மூடியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. அன்றிலிருந்து ரிமோட் இரண்டடிக்குள் இருந்தால்தான் வேலை செய்தது. திருகாணியின் இடத்தைத் தேடி மறுபடி திறந்தார். இந்த முறை இரண்டு மிஞ்சின. பச்சை அன்று வந்தது.

அவள் பச்சை முகத்தைப் பார்த்தபடியே ஒயரைப் பிடித்தாள். அதுதான் அவரை அறுத்தது.

ஒருநாள் படம் முடிந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். முழங்கால் சொடுக்கியது அவருக்குக் கேட்டது.

"நாளைக்குப் புதுசு வாங்கிடறேன்," என்றார்.

"உங்க ஆளு என்ன சொல்றான்னு பாத்துட்டு வாங்குங்க. என்ன அவசரம் இப்போ?"

மறுநாள் மாலை உள்ளாள் எழுதியிருந்தார்: அடுத்ததில் முகப்புக்கு இரட்டை மரக்கதவு, சின்னப் பூட்டோடு. அவர் அதை அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். போனில் எழுத்தைப் பெரிதாக்கக்கூட அவள் அவரைத்தான் கூப்பிடுவாள். நம்ம பழைய டிவிக்கு இருந்த மாதிரியே, என்றார். அப்படியா, என்றாள். வாங்குவது ஒரு மாதம் தள்ளிப்போனது.

அடுத்த மாதம் அவள் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்கினாள். அவர் மறுபடி புதுசு வாங்கக் கிளம்பினார். உள்ளாள் மறுபடி எழுதினார்: அடுத்ததை அணைத்தால் திரை சட்டென்று இருளாது, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்று, மெல்லச் சிறுத்து மறையும்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய டிவியில் அந்தப் புள்ளி மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

"எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவனுக்கு என் மனசு எப்படித் தெரியுது?"

"நல்லா படிச்சவனா இருப்பான்," என்றாள் அவள், ஒயரை அழுத்தியபடி.

மூன்றாம் மாதம் டாக்டர் தரையில் உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றும் ஏழு மணிக்கு அவள் தலையணையைத் தரையில் போட்டாள். என் முறைதானே, என்றாள்.

அவர் அதற்குமேல் உள்ளாளைக் கேட்கவில்லை. வாராந்தர விடுமுறையன்று, பணிமனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போனார்.

கடைக்காரர் அவரை உள்ளே நுழையும்போதே உற்றுப் பார்த்தார். பெட்டி கேட்டதும் ஸ்டாக் இல்லை என்றார். இவர் அலமாரியைக் காட்டினார். அது வெறும் அட்டை, உள்ளே ஒன்றுமில்லை என்றார் கடைக்காரர். இவர் எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது.

"அடுத்த மாசம் வாங்களேன் சார். அடுத்தது வருது."

வாழ்க்கையில் முதல் முறையாக 'அடுத்தது வருது' என்று இன்னொருவர் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அது கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அதுல குமிழ் வருதுன்னு தெரியும். மரக்கதவு வருது, வெள்ளைப் புள்ளி வருது. எல்லாம் எனக்கும் ஆசைதான்," என்றார். "ஆனா வீட்டுல அவ தினமும் தரையில உட்கார்ந்து ஒயர் பிடிக்கிறா. அடுத்தது வரைக்கும் அவ முட்டி தாங்காதுங்க. இதையே போடுங்க."

கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார். எழுதாமல் மூடினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த அம்மாதான் சார் உங்க போட்டோவைக் காட்டி, இவர் வந்தா எதையும் வித்துடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க, மாசாமாசம் இங்கே வந்து, அடுத்த பெட்டியில எதெல்லாம் வரவே வராதுன்னு என்கிட்ட விசாரிச்சு, அதையெல்லாம் வரும்னு அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து போன்ல எழுதிட்டுப் போறாங்க."