மூன்று ஓட்டைப் பசலை

நல்ல காய்கறி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் ஊர்மக்கள் தவிப்பதாக எங்கள் பெர்னாடிப் பஞ்சாயத்துக்கு ஒருநாள் தெரியவந்தது. எங்களுக்கே அதுவரை தெரியாது. வியாழக்கிழமைச் சந்தையில் லோலாட்சியிடம் பசலைக்கீரை வாங்கி, பலாக்கொட்டை போட்டுக் குழம்பு வைத்துத் தின்றுகொண்டிருந்த மூடர்கள் நாங்கள்.

கண் திறந்துவிட்டவர்கள், பம்பாயில் ஓட்டல் நடத்திவிட்டு ஊர் திரும்பிய பெரிய மனிதர்கள். "புழு கடிச்ச கீரைதான் மருந்தடிக்காத கீரை" என்றார்கள் அவர்கள். வளர்ச்சி அதிகாரி ஷேணை உடனே ஆணை பிறப்பித்தார்: 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இலை ஒன்றுக்கு மூன்று ஓட்டைக்குக் குறைந்த கீரை இனிமேல் கீரையாகக் கருதப்படமாட்டாது.'

அடுத்த வியாழன் பூதக்கண்ணாடியோடு வந்தார். லோலாட்சியின் கட்டைப் பிரித்தார்.

"ஓட்டை எங்கேம்மா?"

"எப்படி சார் இருக்கும்? விடியக்காலையில ஒவ்வொரு புழுவா கையால பொறுக்கிப் போடுறேனே!"

"அதான் குத்தம். சாட்சியை ஒழிச்சிருக்கே."

"அய்யோ மகராசரே, புழுவா சாட்சி? நான் சொன்னாப் போதாதா?"

"நீ பொய் சொல்லலாம். புழு சொல்லாது."

பக்கத்துக் கடை சுதாகரனின் கீரை, மலைக்கு அந்தப்புறமிருந்து லாரியில் வாடி வதங்கி வந்தது. ஆனால் அவன் வீட்டில் காகிதத்துக்கு ஓட்டை போடும் கருவி இருந்தது. ஷேணை நெகிழ்ந்துபோனார்.

"எல்லா ஓட்டையும் ஒரே அளவு, ஒரே வட்டம்! நம்ம ஊர்ப் புழுவோட ஒழுங்கைப் பாருங்க! என் ஆபீஸ்ல ஒருத்தனுக்கு உண்டா இது?"

சுதாகரனுக்கு 'சுத்தமான உள்ளூர்க் கீரை' என்று பலகை கிடைத்தது. லோலாட்சிக்குச் சந்தை இடம் போயிற்று. அந்த இடத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. பக்கத்தில் மல்லிகை விற்கும் எனக்கு வயிறெரிந்தது. சத்தியமாக எரிந்தது. அதிகாரி என் பூக்கூடைப் பக்கம் திரும்பியதும் அணைந்துவிட்டது.

பலகைக் கீரையை வேகவைத்தால் மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் நைசாக லோலாட்சியின் கொல்லைக்குப் போனேன். அங்கே பம்பாய்க்காரர்கள், சுதாகரன் பெண்டாட்டி, எல்லோருக்கும் முன்னால் ஷேணை!

"பாதி விலைக்குக் கொடும்மா. சந்தையில இல்லாத கீரைக்குச் சந்தை விலையா?" என்றார் அவர்.

அவள் வேறென்ன செய்வாள்? "பறிச்சுக்கோங்க" என்றாள். பறித்தோம். பழுத்த பசலைப்பழம் விரலில் பட்டால் ஊதாக்கறை. எந்தச் சோப்புக்கும் அசையாது. பைக்கு மேலே, ஊர் பார்க்க, சுதாகரன் கடை ஓட்டை இலை நாலைப் பரப்பிக்கொண்டு வீடு திரும்பினோம். வாராவாரம் இதேதான்.

கடைசியில் ஊர்க்கூட்டத்தில் லோலாட்சி எழுந்தாள். "என் கீரை நல்ல கீரைன்னு ஒருத்தர் சொல்லுங்க. என் இடத்தைக் கேட்டு வாங்கிக்கறேன்."

எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடினோம். அவள் சந்தைக்குத் திரும்பினால் பாதி விலை என்னாவது?

"இடம் தரக்கூடாதுங்கறவங்க கை தூக்கலாம்" என்றார் ஷேணை.

அத்தனை கையும் உயர்ந்தது. லோலாட்சி ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். எல்லா விரலும் ஊதா. ஷேணைக்கு முழங்கைவரை.

"எண்ணிக்கோங்க சார்," என்றாள். "என் கிராக்கி ஒருத்தர்கூட விட்டுப்போகலை."

அடுத்த ஞாயிறு கொல்லைக்கதவில் பூட்டு தொங்கியது. முதல் பஸ்ஸில் கீரைக்கட்டோடு பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்விட்டாளாம். அங்கே இலையைத்தான் கேட்கிறார்களாம், ஓட்டையை அல்ல. நாங்கள் இங்கே சுத்தமான உள்ளூர் ஓட்டைகளைத் தின்றுகொண்டிருக்கிறோம்.