மரியதாஸ் கை தூக்கிய கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த இராஜேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி சண்முகநாதன் எழுதிக்கொள்வது. நானும் ஞானேஸ்வரியும் சுகம். அவளுடைய முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் அரசியல்.

பலசரக்குக் கடை மரியதாஸ் சுவிசில் மந்திரியாகிவிட்டாராமே என்று கேட்டிருந்தீர்கள். மந்திரியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பீல் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் சின்ன ஊரின் சபையில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். ஒரு கட்சிக்குப் பட்டியலில் வெளிநாட்டுப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. பாகற்காய் அடுக்கிக்கொண்டிருந்த இவர் அகப்பட்டார். அன்றிலிருந்து கறிவேப்பிலை வாங்கினாலும் பைக்குள் இவருடைய முகம் அச்சடித்த தாள் கிடந்தது. நம்மவர்களிடம், கலியாண மண்டபத்தில் விரும்பிய நேரம் வரை மேளம் அடிக்கலாம் என்றார். மண்டபத்தை ஒட்டிக் குடியிருக்கும் சுவிஸ்காரரிடம், இனி அங்கே ஊசி விழுந்தாலும் கேட்கும் என்றார். இரண்டு பகுதியும் வாக்குப் போட்டது. கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவான பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் குந்தியிருக்க ஒரு மர வாங்கு போட்டுத் தருவதாகச் சொன்னதால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் போட்டேன்.

இவருடைய மக்கள் சேவையைப் பார்வையாளர் வரிசையில் இருந்து நானே பார்த்தேன். அங்கே விவாதமெல்லாம் ஊர்ப்பேச்சு ஜெர்மனில் நடக்கும், இவருக்கோ தக்காளி விற்கிற அளவுக்குத்தான் பாஷை, ஆகவே பக்கத்துக் கதிரையிலிருக்கும் தன் கட்சிக்காரர் கை தூக்கினால் இவரும் தூக்குவார், அன்று அந்த மனிசன் காய்ச்சலில் வரவில்லை, அந்தக் கதிரையில் எதிர்க்கட்சிக்காரர் வந்து இருந்துவிட்டார், இவர் அவருடைய கையைப் பார்த்துத் தன் கையைத் தூக்க, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. என்ன தீர்மானம் தெரியுமோ? அந்தத் தரிப்பிடத்தையே எடுத்துவிடுவது. வாங்கு வராதது மட்டுமல்ல, இனி பஸ்ஸும் வராது. ஞானேஸ்வரி இப்போது ஒரு கிலோமீற்றர் ஏற்றத்தில் நடக்கிறாள்.

நேரே கடைக்குப் போய்க் கேட்டேன். முகம் வெளிறிவிட்டது. எதற்குக் கை தூக்கினார் என்று நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். ஆனால் மறுநாள் ஊர்ப் பத்திரிகை, தன் வியாபாரத்தையும் பாராமல் பொது நன்மைக்கு வாக்களித்த நேர்மையாளர் என்று இவரைப் புகழ்ந்து எழுதியது. அடுத்தமுறை போனபோது ஆளின் குரலே வேறு.

"அது கொள்கை முடிவு, அண்ணை," என்றார்.

இப்போது கட்சி இவரை மாநிலச் சபைத் தேர்தலுக்கு நிறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். ஞானேஸ்வரி முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னாள்: "அந்தாள் வாய் திறக்காமல் இவ்வளவு தூரம் போயிட்டுது. நீங்கள் முப்பது வருசமாய்க் கதைச்சு எங்கை போனியள்?"

எனக்கு அரசியலே வெறுத்துவிட்டது, அக்கா. அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் எல்லோரும் நோய் நொடியின்றி, எந்தக் கட்சியின் கண்ணிலும் படாமல், நெடுநாள் வாழ வேண்டும்.

உங்கள் தம்பி,
சண்முகநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் மரியதாஸ் மாம்பழப் பெட்டியோடு வந்தார். ஊர்ச்சபையில் அவருடைய இடத்துக்குக் கட்சி இன்னொரு தமிழ்ப் பெயர் தேடுகிறதாம். எனக்கு இங்கத்தைய ஜெர்மன் நன்றாக விளங்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தேன். "பரவாயில்லை அண்ணை, போகப்போகச் சரிவரும்," என்றார். உங்கள் மகளின் கலியாணத்தில் நான் கோட்டுப் போட்டு நிற்கும் படம் இருந்தால் உடனே அனுப்புங்கள். மேலே எழுதியதை ஒருவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.