சான்றிதழ் வாங்கிய மைனா

வடக்கே ஏரிகள் வற்றிப்போன வருடம், ஒரு காட்டில் நாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. அவை பேசுவது அங்கே யாருக்கும் விளங்கவில்லை. பவுனு என்ற மைனாவுக்கு மட்டும் விளங்கும். சின்ன வயதில் நாரைகளோடு ஒரே மரத்தில் வளர்ந்தவள்.

கரடி வைத்தியரிடம் நாரைகள் வந்தால் பவுனுதான் நடுவில் நின்று பேசுவாள். கொஞ்சம் கூட்டியும் பேசுவாள்.

"ஐயா, புரிந்தது என்கிறாள். அது மரியாதைக்குச் சொல்வது. இன்னொரு தடவை விளக்கமாகச் சொல்லுங்கள்."

வைத்தியரும் உறுமிக்கொண்டே சொல்வார்.

காட்டு நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. சான்றிதழ் இல்லாதவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று அறிவித்து, பயிற்சி முகாம் திறந்தது. பயிற்சியாளர் கிளி. அதற்கு நாரை மொழியில் ஒரு சொல்லும் தெரியாது; மொழிபெயர்ப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரியும்.

"கூட்டாதே, குறைக்காதே, குறுக்கே பேசாதே," என்றது கிளி. "நீ வெறும் குழாய். தண்ணீர் எங்கே போகிறதென்று குழாய் கவலைப்படுமா?"

முதல் தேர்வில் பவுனு தோற்றாள். அழுத நோயாளியிடம் "பயப்படாதேம்மா" என்று சொல்லிவிட்டாளாம். அடுத்த தேர்வில் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள், தேறினாள். கழுத்தில் சான்றிதழ் அட்டை தொங்கியது.

மறுநாளே, கண் வீங்கிய குஞ்சோடு ஒரு தாய் நாரை வந்தது. வைத்தியர் பச்சிலை விழுதைக் கொடுத்தார்.

"இருவேளை போடு. புரிந்ததா?"

நாரைகளுக்கு மருந்தென்றால் விழுங்குவதுதான், தடவிப் பழக்கமில்லை. பவுனுவுக்கு அது தெரியும். அலகைத் திறந்தாள். மேல்கிளையில் கிளி கண்காணித்துக்கொண்டிருந்தது. வைத்தியர் சொன்னதை மட்டும் சொன்னாள்.

"புரிந்தது" என்றது தாய்.

"புரிந்தது" என்றாள் பவுனு.

விழுதை விழுங்கிய குஞ்சு பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது.

விசாரணை நடந்தது. அன்று பேசியதையெல்லாம் கிளி ஒப்பித்துக் காட்டியது. "ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை!" என்று தலைவர் யானை மெச்சியது. அப்போது தாய் நாரை பவுனுவைப் பார்த்துக் கதறியது.

"என்ன சொல்கிறது?" என்றது யானை.

பவுனு அதையும் பிசகாமல் மொழிபெயர்த்தாள்:

"பாவி, உனக்குத் தெரியுமே! ஏன் சொல்லவில்லை?"

"அற்புதம்!" என்று சபை ஆரவாரித்தது. அடுத்த முகாமுக்கு அவளையே பயிற்சியாளராகவும் போட்டார்கள்.

நீதி: நோயாளி பிழைக்காவிட்டால் பரவாயில்லை, மொழிபெயர்ப்பில் பிழை இருக்கக் கூடாது.