நாலு கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக்

காஞ்சிபுரத்தில் ஒரு மனிதன் தனியாக உட்கார முடியாத ஒரே இடம், கோர்வை அண்ணனின் வீடியோ கேம் கடைதான். கோயிலில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு தனியாக இருந்துவிடலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில், சின்ன காஞ்சிபுரத்தில் அவருடைய தறி ஓடிய அறையிலேயே ஒரு டிவியையும் கேம் பெட்டியையும் வைத்திருந்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியின் இரு பக்கமும் ஆள் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாவைப் போட்டால்தான் நெய்ய முடியும். அண்ணன் அதே சட்டத்தை விளையாட்டுக்கும் போட்டுவிட்டார். ஒரே ஜாய்ஸ்டிக்கை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இடப்பக்கத்து ஆள் பொம்மையை ஓட்டுவார்; வலப்பக்கத்து ஆள் தாவ வைப்பார். பேசிக்கொள்ளாவிட்டால் பொம்மை நேராகப் போய்க் குழியில் விழும்.

"நான் தனியாத்தான் ஆடுவேன்" என்றான் ஒரு பட்டுக்கடை முதலாளி மகன்.

"அப்போ வூட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி ஆடுப்பா."

ஒருநாள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மாட்டினார். ஜோடி, இரண்டாம் வகுப்புக் குழந்தை. அரை மணி நேரம் அது அவரைத் திட்டித் தீர்த்தது. மறுநாளும் வந்தார்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டைத் தாண்டினால் வாய் திறக்க மாட்டாள். "உங்க பொண்ணு குரல நான் இன்னும் கேக்கல சார்" என்றார் டீச்சர். எழுதியும் பேசியும் ஊரை வதைப்பவனுக்கு இப்படி ஒரு வாரிசு. அவள் வீடியோ கேம் கேட்டதும் நடுங்கிப்போனேன். பிள்ளைகளின் பேச்சை அந்தப் பெட்டி விழுங்கிவிடும் என்று கட்டுரையே எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"கட்டுரை இருக்கட்டும், கூட்டிக்கினு போங்க" என்றாள் மனைவி.

அண்ணன் அவளை ஐயம்பேட்டை ரேவதி என்ற வாயாடியோடு உட்கார வைத்தார். ரேவதி ஓட்ட, என் மகள் தாவ வைக்க வேண்டும். முதல் நாள் பதினோரு முறை குழி.

"அண்ணே, இது பேசவே மாட்டேங்குது. வேற ஆள் குடு."

நான் மகளை அழைத்துப்போக எழுந்தேன்.

"உக்காருங்க சார்" என்றார் அண்ணன். "தறியில எதிர்ப்பக்கம் உக்கார்ற ஆளுக்கு மொத நாளே கை வராது. கொழந்த பாத்துக்கினு இருக்குது."

நாலாம் நாள் ரேவதி எங்கோ பார்த்தபடி பொம்மையைக் குழிக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். கடை முழுக்கக் கேட்டது ஒரு குரல். "நில்லுடி லூசு, நான் இன்னும் தாவல."

ரேவதி ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டாள். "பேசுவியா நீ?"

"நீ விட்டாதானே. நீயே பேசிக்கினு இருந்தா?"

அடுத்த மாதம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாளாம். அவ்வளவு இனிப்பான புகாரை நான் கேட்டதில்லை.

நேராக அண்ணனிடம் போனேன், நன்றி சொல்ல. பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு ஒரு வரி வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, ஜாய்ஸ்டிக்கின் வலப்பக்கத்தை நீட்டினார்.

"நான் ஓட்டுறேன். நீங்க தாவுங்க சார்."

குழியில் விழுந்துகொண்டே இருந்தோம். எனக்கு எழுந்து வர மனமில்லை.