ரத்தம் சிந்திய குளியலறைகள்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் குளியலறைச் சுவர்கள் ரத்தம் சிந்தத் தொடங்கியதிலிருந்து லிப்ட் காலியாக வந்ததே இல்லை. தங்கள் வீட்டுச் சுவர் சிந்திவிட்டது என்று சிலர் பயந்தார்கள். தங்கள் வீட்டுச் சுவர் இன்னும் சிந்தவில்லையே என்று மற்றவர்கள் பயந்தார்கள். பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்பின் தெரியாதவர் வீட்டுக் குளியலறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பயபக்தியோடு வரிசையில் நின்றார்கள். கொடியில் காயும் உள்ளாடைகளை எடுத்து வைக்க அவகாசம் கிடைக்காத வீட்டுக்காரர்கள்தான் பாவம்.

இந்த அதிசயத்தை நடத்திவைத்தவரைச் சுவர் வைத்தியர் என்று அழைத்தார்கள். வெள்ளைச் சட்டை, முடிவெட்டும் கடையில் தண்ணீர் தெளிப்பார்களே, அதுபோல ஒரு தெளிப்பான், ஒரு சின்ன ரப்பர் சுத்தியல். அவருடைய மருத்துவமனை இவ்வளவுதான். உள்ளே நுழையும்போது காலுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்வார். அடுத்தவர் வீட்டைக் காலியாக்கலாம், அழுக்காக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

வைத்திய முறையும் எளிது. முதல் நாளே ஒரு பொட்டலம் பொடி வரும். அதைத் தண்ணீரில் கரைத்து ஷவர் சுவரைத் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு வேறு தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆன்மாவுக்குக் குளிர் ஆகாதாம். மறுநாள் வைத்தியர் வந்து டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். சில டைல் ‘டக்’கென்று சொல்லும். பின்னால் சிமெண்டு விட்டுப்போன டைல் ‘டொக்’கென்று சொல்லும். அந்த ‘டொக்’கில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தெளிப்பார். டைல் இடுக்குகளில் சிவப்பு பூத்து, கோடு கோடாகக் கீழே இறங்கும்.

ரத்தம் கொஞ்சம் ரோஜா நிறமாகத் தெரிகிறதே என்று ஒருவர் கேட்டார். ஆவிக்கு உடம்பு கிடையாது, அதனால் ரத்தம் நீர்த்துத்தான் இருக்கும் என்றார் வைத்தியர். கேட்டவர் வெட்கப்பட்டுப் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

யாருடைய ரத்தம் என்பதிலும் சிக்கல் வந்ததில்லை. அந்த வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவருடையது. இல்லையென்றால் முன்பு குடியிருந்தவருடையது. புத்தம்புது வீடு என்றால் மனைக்கு அடியில் கிடப்பவருடையது. யாருடையதாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: பழைய டைல்களை அடியோடு உடைத்தெடுத்துவிட்டு ‘காப்பு டைல்’ பதிக்க வேண்டும். எந்த ஆவியும் அண்டாத டைல். உலகத்திலேயே ஒரே ஒரு கடையில்தான் அது கிடைக்கும். கடைக்காரர் வைத்தியரின் மச்சான் என்பது தற்செயல்.

மேல்மாடியில் ‘புரூஃப் அக்கா’ தனியாக இருந்தார். அச்சகம் ஒன்றில் ஆயுள் முழுக்கப் புரூஃப் திருத்தி ஓய்வுபெற்றவர். அவருக்கு ஒரு தொழில் வழக்கம் இருந்தது. மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்தப் பக்கத்தையும் சரி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். மனப்பாடமாகத் தெரிந்த வரியாக இருந்தாலும் சரி, ஒரு கண் இங்கே, ஒரு கண் அங்கே.

அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். அந்த வீட்டு ஷவர் சுவருக்கு டைல் பதித்தவர் அவரேதான். டைல் பதிக்கிறவர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்ததில் கோபம் வந்து, தானே கொத்துக்கரண்டியை எடுத்துவிட்டார். ஒரு வரிசை லேசாகச் சரிந்து போயிற்று. அக்கா அதைச் சுட்டிக்காட்டியபோது, “அச்சுப்பிழை தேடுற கண்ணால சுவரைப் பாக்காதே” என்றார். அதன்பின் குளிக்கப் போகும்போதெல்லாம் அக்கா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டுதான் குளித்தார்.

கணவர் இறந்ததும் அங்கேதான். போன மழைக்காலத்தில், ஷவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். தரையில் சோப்புப் படலம் ஏறி வழவழவென்று இருந்தது. நாளைக்குத் தேய்த்துக் கழுவுகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தார். இதயம் நின்ற பிறகுதான் விழுந்திருக்கிறார், வழுக்கி விழவில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அந்த வாக்கியத்தை அக்கா மனதுக்குள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு சொல் விட்டுப்போயிருப்பது போலவே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த ஷவர் பக்கம் போகவில்லை. பின்கட்டில் இருந்த சின்னக் கழிப்பறையில் வாளியில் பிடித்துக் குளித்தார். மூடிக் கிடந்த ஷவர் அறையில் டைல் இடுக்குகளின் சாந்து கறுத்தது, மூலைகள் வெடித்தன, கறுப்புப் பூஞ்சை கூரை வரை ஏறியது.

மகள்தான் வைத்தியரை அழைத்து வந்தாள். அவள் படித்தவள், வேலைக்குப் போகிறவள். அப்பாவை நினைத்தால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவாள். முந்தின நாளே பொடியைக் கரைத்துச் சுவரைத் தேய்த்தவளும் அவளே; அக்கா வாசலோடு நின்றுவிட்டார். வைத்தியர் சுவரைத் தட்டினார், காதை வைத்தார், தெளித்தார். சுவர் சிவந்தது. அவர் அக்காவைப் பார்க்காமல் டைலைப் பார்த்தே பேசினார்.

“கவனிக்க வேண்டியவங்க கவனிக்காம விட்டுட்டாங்கன்னு சொல்றார். தரையைப் பத்தி ஏதோ சொல்றார். எனக்குச் சரியாக் கேக்கல.”

அக்கா கதவு நிலையைப் பிடிக்கக் கை நீட்டினார். மகள் தாங்கிப் பிடித்தாள். ஆனால் பிடித்தபடியே அம்மாவின் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ரத்தத்தைவிட அந்தப் பார்வைதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

தரை விஷயம் வைத்தியருக்கு எப்படித் தெரிந்தது? எதிர்வீட்டு வங்கிக்காரர் ஓய்வுபெற்றவர், பொழுது போகாதவர். துக்கம் விசாரிக்க வந்தபோது அக்கா அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டவர். வைத்தியருக்குக் காப்பி கொடுத்து உபசரித்தவரும் அவரே. ஆவிகளுக்குத் தெரியாததுகூட எதிர்வீட்டுக்குத் தெரியும்.

சுவரை முழுக்க உடைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முன் இன்னொரு முறை கழுவி, கடைசியாக ஒரு தரம் இறந்தவரிடம் உத்தரவு கேட்க வேண்டுமாம். புதுப் பொடிப் பொட்டலத்தையும், சுவரில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு காப்பு டைலையும் வைத்தியர் கொடுத்துவிட்டுப் போனார். ஆவி இதைத் தொட்டால் வெந்துபோகும் என்று டைலுக்கு உத்தரவாதமும் தந்தார்.

“அப்பா நிம்மதியாப் போற வரைக்கும் குழந்தையை இங்க கூட்டிட்டு வர மாட்டேன்மா” என்றாள் மகள். “தப்பா நினைக்காதே.”

அக்கா தப்பாக நினைக்கவில்லை. தப்பு தன்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பொடியைக் கரைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் போகாத அறைக்குள் போனார். சுவரில் வலது கோடியில் தொடங்கி அந்தச் சரிந்த வரிசை அப்படியே இருந்தது. உடைத்துவிட்டால் கணவர் கை பட்ட சுவர் என்று ஒன்று இந்த வீட்டில் இருக்காது. தேய்க்கத் தொடங்கினார். இடது பாதி முடிந்தது. அங்கே கை தானாக நின்றது. வழக்கம் லேசில் விடுமா? மூலம் எங்கே என்று கை கேட்டது. இது பொடி போட்ட பக்கம். பொடி போடாத பக்கம் ஒன்று இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவது?

அவர் வாளியைக் கழுவி, வேறு பிரஷ் எடுத்து, வலது பாதியைப் பழைய பொடியும் போகும்படி வெறும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். பிறகு சற்று யோசித்தார். மிச்சமிருந்த பொடித் தண்ணீரில் காப்பு டைலையும் ஒரு முறை முக்கி எடுத்து, துடைக்காமல் ஜன்னலோரம் காய வைத்தார்.

வைத்தியர் வந்த அன்று நடைவழி முழுக்கக் கூட்டம். வங்கிக்காரர் முதல் ஆளாக நின்று, பின்னால் இருந்தவர்களுக்கு நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுச் சுவரைப் போன வாரமே உடைத்துக் காப்பு டைல் பதித்தாயிற்று. அந்தத் தகுதி அவர் குரலில் தெரிந்தது.

வைத்தியர் இடது பக்கம் தெளித்தார். சுவர் சிவந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. வலது பக்கம் தெளித்தார். தண்ணீர் வழிந்தது, வெறும் தண்ணீராக. தெளிப்பானைக் குலுக்கி மறுபடி தெளித்தார். மறுபடியும் தண்ணீர்தான். நடுவில் கோடு போட்டதுபோல் பாதிச் சுவர் அழுதது, பாதிச் சுவர் சும்மா இருந்தது.

“இந்தப் பக்கம் ஏன் வரல?” என்று கேட்டார் அக்கா. அச்சகத்தில் விட்டுப்போன வரியைக் கேட்கும் குரல்தான்; ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“அவர் இடது பக்கமா நிக்கிறாரும்மா.”

“அவர் எதுலயும் பாதியோட நின்னவர் இல்ல. கட்டில்ல படுத்தா எனக்கு ஓரம்தான் மிஞ்சும்.”

மகள் தன்னை மீறிச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்தினாள்.

அக்கா காப்பு டைலை எடுத்து வந்து வைத்தியர் முன்னால் நீட்டினார். இதிலும் கொஞ்சம் தெளிக்கச் சொன்னார். வைத்தியர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சக்தியைச் சோதிக்கக் கூடாது, நம்பிக்கையில்லாத இடத்தில் அது வேலை செய்யாது என்றெல்லாம் சொன்னார். கூட்டம் அதையும் தலையாட்டிக் கேட்டது. அக்கா மகளைப் பார்த்தார். டைலை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

மகள் கையை நீட்டித் தெளிப்பானை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்கு. டைல்மேல் ஒரு முறை தெளித்தாள். ஆவி அண்டாத டைல், தொட்டால் ஆவி வெந்துபோகும் டைல், ஓரத்திலிருந்து ஓரம் வரை ரோஜா நிறமாகச் சிவந்தது.

“நம்பிக்கை இல்லாத இடத்துலயும் நல்லாத்தான் வேலை செய்யுது” என்றாள் மகள்.

அக்கா தான் செய்ததை எல்லோருக்கும் சொன்னார். பொடி பட்ட இடம் சிவக்கிறது. படாத இடம் சிவக்கவில்லை. பொடி அழுக்குத் துணிக்குப் போடும் சலவைச் சோடா. நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். தெளிப்பானில் இருப்பது சோடாவைக் கண்டால் சிவக்கும் திரவம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லோருமே பார்த்திருப்போம்.

“ரெண்டுல ஒண்ணுதான்” என்று வைத்தியரிடம் திரும்பினார். “உங்க டைல் ஆவியைத் தடுக்கல. இல்லன்னா உங்க தண்ணி பொய் சொல்லுது. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

வைத்தியர் ரப்பர் சுத்தியலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். காலில் பிளாஸ்டிக் உறை இன்னும் இருந்ததால் ஒவ்வொரு படியிலும் சரசரவென்று கேட்டது.

வங்கிக்காரர் தெளிப்பானை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது முகத்தில் வெற்றி. “எங்க புதுச் சுவர்ல தெளிச்சேன், ஒண்ணும் வரல அக்கா. அப்ப காப்பு டைல் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?” அக்கா பொட்டலத்தில் மீதியிருந்த பொடியை அவரிடம் நீட்டினார், சுவரில் தேய்த்துவிட்டுத் தெளித்துப் பாருங்கள் என்று. அவர் வாங்கவில்லை. அவருக்கு அடுப்பில் ஏதோ வைத்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. தாயும் மகளும் சுவருக்கு முன்னால் நின்றார்கள்.

“தரையைப் பத்திச் சொன்னப்ப நான் உன்னை ஒரு மாதிரிப் பாத்துட்டேன்மா” என்றாள் மகள்.

“நானே என்னை அப்படித்தான் பாத்துட்டிருந்தேன். நீ பாத்ததுல என்ன.”

குற்றம் சாட்டியது கணவர் இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்துவிட்டது. அவர் அங்கே நிற்கவும் இல்லை. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. வைத்தியர் சொன்னதில் அந்த ஒன்றாவது நிஜமாக இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சிவப்பெல்லாம் போகும்வரை சுவரில் தண்ணீர் ஊற்றினார்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மகள் விடுமுறை எடுத்து வந்தாள். குழந்தையும் வந்தது, பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்தது. பூஞ்சையை மருந்து போட்டுத் தேய்த்தார்கள். வெடித்த சாந்தைக் கூரான கரண்டியால் சுரண்டியெடுத்தார்கள். ‘டொக்’கென்ற டைல்களை மட்டும் பெயர்த்து, பின்னால் சிமெண்டு வைத்து ஒட்டினார்கள். புதுச் சாந்தை இடுக்குகளில் அழுத்திப் பூசி, காய்வதற்குள் ஈரப் பஞ்சால் துடைத்தார்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் நீர் கசியாத சிலிகோன் பசை வைத்தார்கள். தரைக்குச் சொரசொரப்பான டைல் மாற்றினார்கள். சரிந்த வரிசையை மட்டும் யாரும் நிமிர்த்தவில்லை. எல்லாம் காய்ந்த பிறகு முதலில் குளித்தது அக்கா. வெகுநேரம் குளித்தார். மகள் கதவைத் தட்டவில்லை.

சில நாள் கழித்து வங்கிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக் காப்பு டைல் இடுக்கிலும் கறுப்பு வரத் தொடங்கியிருந்தது. இதற்கு யாரைப் பார்க்கலாம் என்று கேட்டார்.

“யாரையும் பாக்க வேண்டாம். குளிச்சதும் சுவரைத் துடைச்சு விடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க.”

“அவ்வளவுதானா?” என்றார், ஏமாந்துபோனவராக. வேறு யாராவது வேறு ஏதாவது சொல்வார்களா என்று விசாரிக்க அவர் கீழ்மாடிக்கு இறங்கியதாகக் கேள்வி.

அவ்வளவுதான் ஐயா. அடைத்து வைத்த இடத்தில்தான் பூஞ்சை வளரும். திறந்து வையுங்கள். குளியலறை ஜன்னலை மட்டும் சொல்லவில்லை.